மகனோடு தங்கியிருந்தவன்

மகனின் சாமான்களை எடுத்துப்போக பஸ் டிரைவர் கல்லூரி விடுதிக்கு வந்தபோது, தன் அறையில் அவன் செத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. வார்டன் கதவருகிலேயே நின்றுகொண்டார். உள்ளே கால் வைக்க அவருக்கு மனமில்லை.

"சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்புங்க சார். வெள்ளையடிக்க ஆள் வராங்க."

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. மற்றதில் மகனோடு தங்கியிருந்த பையன் உட்கார்ந்திருந்தான். இப்போது அவனுக்கு வேறு அறை; டிரைவருக்கு உதவ வந்திருந்தான்.

"எங்களை நெட்டை, குட்டைன்னுதான் கூப்பிடுவாங்க அப்பா. நான் குட்டை" என்றான்.

தன் மகனுக்கு நெட்டை என்று ஒரு பெயர் இருந்தது டிரைவருக்கு அன்றுதான் தெரியும். வாரம் தவறாமல் போன் பேசியவர்தான். சாப்பிட்டியா, மார்க் வந்துச்சா, காசு இருக்கா. அதைத் தாண்டிப் போனதில்லை. மூன்று பாடத்தில் போய்விட்டது என்று அவன் சொன்ன அன்று மட்டும் வாய்க்கு வந்தபடி கத்தினார். அதற்குப்பின் அவன் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினான். வழிக்கு வந்துவிட்டான் என்று இவரும் நினைத்துக்கொண்டார்.

இருவரும் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். சோப்பு டப்பாவில் பாதி சோப்பு காய்ந்து கிடந்தது.  அதைப் பார்த்ததும் டிரைவர் வாளியைத் தூக்குவது போலத் திரும்பிக்கொண்டார்.

குட்டை தன் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து நீட்டினான். "உங்க சின்ன பொண்ணு படிக்குதுன்னு சொல்லுவான். இதைக் குடுங்கப்பா."

"அவனோடதா?"

"இல்ல, என்னோடது. எனக்கு இனிமே தேவைப்படாது."

"ஏன், படிப்ப விடப்போறியா?"

"அதெல்லாம் இல்லப்பா." அவன் சிரித்தான். சட்டை தோளில் தொங்கியது. சாப்பிட்டு நாளாகியிருக்கும் போலிருந்தது.

டிரைவர் மடித்த சட்டையைக் கீழே வைத்தார். எதிர்க்கட்டிலில் உட்கார்ந்தார். 

"செத்துப்போயிடலாம்னு தோணுதா தம்பி?"

"சார்!" வார்டன் பதறினார். "என்ன பேச்சு பேசுறீங்க? இங்க இருக்கற பிரச்சனை போதாதா? இல்லாத நினைப்ப நீங்களே கிளப்பி விட்ருவீங்க போல."

"கேக்காம விட்டதுதான் சார் இந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு. கொஞ்சம் சும்மா இருங்க."

குட்டை தரையைப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினான். பிறகு உடைந்து அழுதான்.

"அவன் அன்னைக்கு ஒரு மாதிரி பேசினான்பா. நான் கிண்டல் பண்ணிட்டேன். கண்ண மூடினா அதுதான்."

டிரைவர் அவனைச் சமாதானம் செய்யவில்லை. அழ விட்டார். பிறகு அம்மா நம்பரைக் கேட்டார்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க, தாங்கமாட்டாங்க."

"சொல்லத்தான் போறேன். என்னைத் திட்டுறதுன்னா திட்டிக்கோ."

பெட்டியை வார்டனிடம் ஒப்படைத்துவிட்டு, அவனைக் கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மனநலப் பிரிவின் வாசலில் வரிசை நீண்டிருந்தது. அவன் கக்கூஸுக்குப் போனபோதும் கூடவே போய் வெளியே நின்றார். டாக்டரம்மா தனியாக அவனிடம் நெடுநேரம் பேசினார். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் அவன் அம்மா தையல் கடையிலிருந்து, கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். மகனின் கன்னத்தை மாறி மாறித் தடவினாள். டிரைவர் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இத்தன வாய் உங்களுக்கு இருந்துச்சா? எம்புள்ளகிட்ட ஏங்க கேக்கல?"



குட்டை மாத்திரை சாப்பிடுகிறான். இந்த வருஷம் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு அம்மாவோடு இருக்கிறான். சில நாள் தேறியிருப்பான், சில நாள் படுக்கையை விட்டு எழமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவருக்கு போன் செய்வான். மணி அடித்ததும் மனைவி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவர் போனை எடுத்து, "சொல்லுடா, மனசு எப்படி இருக்கு?" என்பார்.