புது லேப்டாப்பைச் சுத்தம் செய்தவர்

கண்ணாடிக்காரருக்குப் பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது. உயிர் மட்டும் கம்ப்யூட்டரில். இருபத்தைந்து வருடமாகச் சொந்தபந்தத்தில் அவரைக் கேட்காமல் ஒருவரும் கம்ப்யூட்டர் வாங்கியதில்லை. கேட்டால் லேசில் விடுவாரா? மெமரி எவ்வளவு, டிஸ்க் எந்த வகை, கீபோர்டை அழுத்திப் பார்த்தாயா என்று தொடங்கினால், கேட்டவர் ஏன்டா கேட்டோம் என்று நொந்துகொண்டுதான் போனை வைப்பார். பிரின்டருக்கு யோசனை கேட்ட மச்சினி, அவர் பேசி முடிப்பதற்குள் சமையலை முடித்துப் பாத்திரமும் கழுவிவிட்டாள் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பாத்திரம் கழுவவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு புது லேப்டாப் வந்து இறங்கியது. வாங்கி வந்தவள் அவர் மனைவி.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டேனே. நாலு மாசம் ஆச்சு. நீங்க இன்னும் பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க.”

முப்பத்தொரு மாடல்களை வைத்து ஒரு பட்டியல் போட்டிருந்தார். வாரத்துக்கு ஒன்று புதிதாக வந்து தொலைக்கும். இவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பாவம், அவளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பிசியோதெரபி கிளினிக்கில் வேலை செய்கிறவள், முதுகுவலிக்காரர்களுக்காக எட்டு மாதமாக ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய லேப்டாப்பில் ஸ்பேஸ் பாரை ஓங்கிக் குத்தினால்தான் இரண்டு வார்த்தைகள் பிரியும். புத்தகம் திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போகவேண்டும். அட்டையில் அவள் பெயர் வரப்போகும் முதல் புத்தகம்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. அவருக்கு விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் புது லேப்டாப் தனியாகக் கிடந்தது. கண்ணாடிக்காரருக்குக் கை அரித்தது.

அவருடைய கொள்கைகளில் தலையாயது இது: கடையிலிருந்து வரும் கம்ப்யூட்டரை அப்படியே பயன்படுத்தக்கூடாது. கம்பெனிக்காரன் கண்டதையும் உள்ளே திணித்து அனுப்பியிருப்பான். எல்லாவற்றையும் வழித்தெறிந்துவிட்டு, தேவையானதை மட்டும் முதலிலிருந்து புதிதாக ஏற்றவேண்டும். அண்ணனுக்குச் செய்து கொடுத்திருக்கிறார், சித்தப்பாவுக்குச் செய்து கொடுத்திருக்கிறார். கட்டிய மனைவிக்குச் செய்யாமல் இருப்பாரா? புத்தகம் பழைய லேப்டாப்பில் இருக்கிறது. அதைப் புதியதற்கு மாற்றுவது இந்த வீட்டில் அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாற்றிக் கொடுத்தால் போயிற்று.

பென்டிரைவைச் செருகினார். பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. இப்படி ஏதாவது கேட்டால் நின்று படி, பிறகு அழுத்து என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், படிக்காமலேயே அழுத்தினார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. மூடியைத் தூக்கினால் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவள் வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

“என் புத்தகம் எங்க?”

“பழசுல இருக்கும்மா.”

“பழசு ஏது? நேத்தே கிளினிக்ல பெருக்குற அம்மாவோட பொண்ணுக்குக் குடுத்தாச்சு. எல்லாத்தையும் வியாழக்கிழமையே இதுக்கு மாத்திட்டு, அதை மொத்தமா அழிச்சுட்டுத்தான் குடுத்தேன். பழசைக் குடுக்கும்போது உள்ள ஒரு எழுத்துகூட விடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

எட்டு மாத உழைப்பு. இருநூறு படங்கள். ஒவ்வொன்றிலும் எந்தத் தசை எந்தப் பக்கம் இழுபடவேண்டும் என்று ஓய்வுநேரத்தில் அவள் கையால் போட்ட அம்புக்குறிகள். பாதிப் படங்களில் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு பாயில் கிடப்பது இவரேதான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“நான்தான் அழிச்சேன். உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்புதான்.”

இந்த மூன்று வாக்கியங்களையும் அவர் வாயிலிருந்து ஒருசேர அவள் கேட்டதே இல்லை. மூக்கு விடைக்க அவரையே பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

திரும்பி வந்தவள் தோள்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்துச் செருகினாள். புத்தகம் இருந்தது. நேற்று ராத்திரி வரைக்கும் எழுதியது அத்தனையும் இருந்தது. ஃபைல் பெயரை மட்டும் நம்பாமல் திறந்தும் பார்த்தாள். திரை முழுக்க அவருடைய முழங்கால்கள் வந்து நின்றன.

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே, கேட்கவேண்டுமா, பழைய குணமும் வந்தது.

“தினமும் இதுல காப்பி எடுத்து வெச்சியா?”

“எட்டு மாசமா, ஒரு நாள் விடாம.”

“பார்த்தியா! டிஸ்க் எப்ப வேணா செத்துப்போகும், திருடன் வருவான், வைரஸ் வரும்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டது…”

“டிஸ்க்குக்கும் திருடனுக்கும் யாரு பயந்தா? நான் உங்களுக்குப் பயந்துதான் எடுத்து வெச்சேன்,” என்றாள் அவள். “அதான் பையிலயே தூக்கிக்கிட்டு அலையறேன். வீட்டுல வெச்சா அதையும் சுத்தம் பண்ணிடுவீங்க.”

அவர் முகம் சுருங்கியது. பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. கோபத்தை விடக்கூடாது என்று அவளும் கொஞ்ச நேரம் தம் பிடித்துப் பார்த்தாள்; முடியவில்லை. இருவரும் சிரித்து ஓய்ந்தபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, வெகு நாளாக இல்லாத சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருடம் சுவரோடுதான் பேசுகிறோம் என்று நினைத்திருந்தார். அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்டு நடந்த ஒரே ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள், அதுவும் ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று சரியாகத் தெரிந்துகொண்டு.