அவர் ஓடவிட்டுப் போனது

"அந்த பிளக்கைப் பிடுங்காதீங்க!"

அவள் போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. சுவரோரம் குனிந்து பிளக்கில் கைவைத்திருந்த கொழுந்தன், சூடு பட்டவர்போலக் கையை எடுத்தார். துக்கம் நேர்ந்ததிலிருந்து அவள் உரக்கப் பேசிய முதல் பேச்சு அது. கட்டிலில் கணவர் அசைவில்லாமல் கிடந்ததைப் பார்த்தபோதுகூட அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

"அண்ணி, குளிர்ப்பெட்டிக்குக் கரண்ட் குடுக்கணும். கூடத்துல இது ஒண்ணுதான் பெரிய பாயிண்ட். பெட்டிக்காரர் நிக்கிறார் பாருங்க."

"வேற எங்கயாவது குடுங்க தம்பி. கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்கு."

கொழுந்தன் மேசையைப் பார்த்தார். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய பழைய கணினி, உள்ளே விசிறி முனகிக்கொண்டிருந்தது. திரை முழுக்க நீலம். நடுவில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திச் சுற்றின. கீழே, கணினியை அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி. அண்ணிக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று அவர் நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. நல்ல வேளையாக மகள் குறுக்கே வந்தாள்.

"விடுங்க சித்தப்பா. சமையல்கட்டுல ஃப்ரிட்ஜ் பாயிண்ட் இருக்கு, அதுல குடுத்துக்கலாம்."

"ஃப்ரிட்ஜுல பால் இருக்கேம்மா, கெட்டுடாதா?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். எந்த வீட்டுத் துக்கத்திலும் பாலைப் பற்றிக் கவலைப்பட ஒருவர் வந்துவிடுகிறார்.

"கெடட்டும்," என்றாள் மகள்.

நீளமான ஒயர் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வந்தது. குளிர்ப்பெட்டியும் முனக ஆரம்பித்தது. கணினிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். இரண்டு முனகலும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், பெட்டிக்குள் பார்த்தார்கள், அவள் கையைப் பிடித்தார்கள். உதடுகள் அசைந்தன. பேச்சு தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல எட்டத்தில் கேட்டது. அவளும் தலையாட்டினாள். ஆனால் கண் மட்டும் நொடிக்கொருதரம் திரைக்குப் போய்விட்டு வந்தது. அவர் அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போன வேலை அது.

காலையில் அவர் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்து எல்லாம் செய்தார். நீலத் திரை வந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார்.

"கொஞ்சம் கண்ணை மூடிட்டு வரேன். ஓடிட்டு இருக்கு, பாத்துக்கோ."

அவள் பார்த்துக்கொண்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள், துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். மடித்த துணியை வைக்க அறைக்குள் போனபோதுதான் அவரைப் பார்த்தாள். அத்தனை நேரமும் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அவரை ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லையே என்பது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர், தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று சொன்னதும் அந்தக் கல்லை அசைக்கவில்லை.

கடைத்தெருவில் கணினி ரிப்பேர் கடை வைத்திருந்த அவருக்கு மரை என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து திருகாணி கிடக்கும் என்பதால் வந்த பெயர். மரை கழண்டவர் என்பதாலும் வந்திருக்கலாம், கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மற்ற கடைக்காரர்கள் காயலான் கடைக்கு அனுப்பச் சொன்ன கணினிகளையெல்லாம் வாங்கிவைத்து, புதிதாக வந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவற்றில் ஏற்றுவது அவர் வேலை. வேலை என்பதைவிட வீம்பு என்று சொல்லலாம். புது சிஸ்டம் முதலில் உள்ளே இருக்கும் சிப்பைச் சோதிக்கும். பழசு என்றால், இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டு நின்றுவிடும்.

"தகுதி இல்லையாம்! நம்ம வீட்டுக்குள்ள வந்து நம்ம மிஷினையே பாத்துச் சொல்றான் பாரு," என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் குறை சொல்லிவிட்டுப் போனதுபோல அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தச் சோதனையைத் தாண்ட ஒரு குறுக்குவழி இருந்தது. திரையில் கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்து நீளமாக ஒரு வரியைத் தட்டவேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் வேலைக்கு ஆகாது. வரி அவருடைய போனில் இருந்தது.

"எழுத்து பொடிசா இருக்கு, கண்ணு தெரியல. நீ வாசி," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. அதற்கு முன் அந்த வீட்டில் ஞாயிறு என்றால் ஆளுக்கொரு அறை. மகள் கல்யாணமாகிப் போனபிறகு பேச விஷயம் தீர்ந்துபோயிருந்தது. அவளுக்கு வேலையும் போயிருந்தது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று காலம் பூராவும் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த குரல். ஒருநாள் பதிவுசெய்த குரல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவளுக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் உப்பு வேண்டுமா, குழம்பு போதுமா என்பதற்குமேல் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து அவள் ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பாள். ஆர். ஈ. ஜி. ஓர் இடைவெளி. அவர் தட்டுவார். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று கேட்பார். இன்னொரு தடவை சொல்லு என்பார். அவள் நிறுத்தி நிதானமாக, மேடை எண் சொல்வதுபோலச் சொல்வாள். பிறகு நீலத் திரை வரும். அது ஏறுகிற வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். சாயங்காலம் எல்லாம் கவிழ்ந்து பழைய திரையே வந்து நிற்கும். "அட விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்பார். இந்த மனிதருக்கு எவ்வளவு பொறுமை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"அண்ணி." கொழுந்தன் மறுபடி பக்கத்தில் வந்து நின்றார். "வண்டி வந்துடுச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் சதவீத எண், எண்பதைத் தாண்டி அங்கேயே நின்றிருந்தது.

"கொஞ்சம் இருங்க தம்பி. முடியட்டும்."

"எது முடியணும் அண்ணி?"

"அவர் ஆரம்பிச்சது. பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். இது நல்லபடியா ஏறிடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் அவரை எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் நான் விடமாட்டேன்."

கொழுந்தன் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் இருந்திருந்தால் அவரிடம் முறையிட்டிருப்பார். மகள்தான் வாசலுக்குப் போய், அங்கே தூணோடு தூணாகக் கண் சிவந்து நின்ற பார்ட்ஸ் கடைக்காரரைக் கையோடு கூட்டிவந்தாள். மரையின் கடைக்கு அடுத்த கடை அவருடையது.

"இது எப்ப முடியும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே."

பார்ட்ஸ் கடைக்காரர் மேசைமுன் குனிந்தார். கணினியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு அவளை.

"அக்கா, இந்த சிப்புல புது சிஸ்டம் ஏறாது."

"தகுதி இல்லைன்னு சொல்லும். அதைத் தாண்டத்தான் ஒரு வரி இருக்கே. காலையில நான்தான் வாசிச்சேன்."

"அது வாசல்ல நிக்கிற ஆளை ஏமாத்துறதுக்குக்கா. உள்ள போனப்புறம் அதுக்கு வேண்டிய ஒண்ணு இந்த சிப்புலயே கிடையாது. பாதி போகும், தானா திரும்பிடும். என்ன பண்ணாலும் ஓடாது." அவர் தயங்கினார். "இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான். வீட்டு மிஷின்ல போட்டுப் பாத்தேன், ஏறாதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னு மழைக்கு முன்னாடியே சொன்னாரே."

மழைக்காலம் வந்துபோய் வெயிலும் பாதி முடிந்திருந்தது.

"வாராவாரம் நான் வாசிச்சேனே," என்றாள் அவள்.

"அந்த வரியையா? அதை ஒரு தடவை அடிச்சா போதுமேக்கா, மிஷின் ஞாபகம் வச்சுக்கும். அதுவும் கடையில அண்ணன் அதை எதையும் பாக்காம, என்கூடப் பேசிக்கிட்டே அடிப்பாரே." சொல்லிமுடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திங்கக்கிழமை காலையில வந்து பெருமையடிப்பார். எங்க வீட்ல வாசிக்கறதை நீ கேக்கணும்டா, பஸ் ஸ்டாண்டே வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கும்னு."

கூடம் எங்கோ விலகிப்போய்விட்டது. ஆர், ஈ, ஜி, ஓர் இடைவெளி. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? இன்னொரு தடவை சொல்லு. தெரிந்த வரியைக் கேட்டுக் கேட்டுத் தட்டிய அந்த விரல்கள் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது.

அவள் எழுந்து பெட்டியருகே போய்க் குனிந்தாள். மூடிக் கண்ணாடியில் அவள் மூச்சு படர்ந்து அவர் முகம் மங்கியது. முந்தானையால் துடைத்தாள்.

"கண்ணு தெரியலன்னீங்களே," என்றாள். "புளுகு மூட்டை."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. மகள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை ஒருவரும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

எப்போது நீலம் போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது பழைய திரை வந்து நின்றிருந்தது.

"பழையபடி ஆயிடுச்சும்மா," என்றாள் மகள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தூக்கச் சொல்லுங்க தம்பி," என்றாள் கொழுந்தனிடம்.

பெட்டியிலிருந்து இறக்கி, நாலு பேர் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். கூட்டம் வாசலுக்கு வழிவிட்டது. அவளும் இரண்டடி எடுத்துவைத்தாள். பிறகு திரும்பி மேசைக்கு வந்தாள். அத்தனை வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் மவுஸை அவள் தொட்டதில்லை. அம்பு திரையில் அலைந்து திரிந்து, கடைசியில் மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. அணைக்கும் பொத்தானை அழுத்தினாள்.

பார்ட்ஸ் கடைக்காரர் உதவிக்கு வரக் கால் எடுத்தார். கொழுந்தன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். வாசலில் தூக்கிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து, "இருங்கப்பா," என்றார்.

பழைய சிப்பு, அணைவதற்கும் அது அவசரப்படவில்லை. நாலு பேரில் ஒருவர் மெதுவாகத் தோள் மாற்றிக்கொண்டார். மேசைமேல் ஒரு கையை ஊன்றி அவள் நின்றிருந்தாள். திரையில் புள்ளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.