சாக்கில் தலைகீழாக ஒரு பேர்

எங்கள் கடைக்குப் பேர் 'சாரதா ஆர்ட்ஸ்'. சூரமங்கலத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போகிற தெருவில் ஒற்றை அறை. பேர் மட்டும்தான் என் மனைவியுடையது என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். மூளையும் அவளுடையதுதான். சாரதாமணி வரைவாள், நான் ஸ்கிரீன் வைத்து மை இழுத்து அச்சடிப்பேன். சத்தம் போடுவதும் என் வேலை. கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் அன்னம், நடுவில் தாமரை, சுற்றிலும் முத்துச்சரம் என்று யாராவது கேட்டால், பெண் மாப்பிள்ளை பேரை எங்கே போடுவது, கவர் மேலேயா என்று கேட்டுவிடுவேன். அவள் என்னை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, அவர்களிடம் பக்குவமாகப் பேசுவாள்.

யார் எதை அடிக்கக் கொடுத்தாலும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். படித்து முடித்த பிறகு இது என்ன ஆகும்? முதல் தடவை கேட்டபோது எனக்கு எரிச்சலாக வந்தது. என்ன ஆகும், பஜ்ஜி மடிக்கப் போகும் என்றேன். அப்போது ஒரு தையல்கடை நோட்டீஸ் கையில் இருந்தது. அதன் கீழ்ப்பாதியில் ஜங்ஷனுக்கு ரயில் வருகிற நேரங்களைப் போட்டாள். மற்ற நோட்டீஸெல்லாம் சாக்கடையில் மிதந்தபோது, அது மட்டும் வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டு வருஷக்கணக்கில் இருந்தது. அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் சின்னுசாமி கடைக்கு வந்தார். எடப்பாடிப் பக்கத்துக்காரர். வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், சொந்த லாரியை விற்று மாட்டுத் தீவன மில் போட்டிருந்தார். குலதெய்வத்தின் பேரையே வைத்து 'செல்லாண்டியம்மன் தீவனம்'. சரக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய கம்பெனிக்காரர்கள் சினிமாக் கொட்டகையில் ஸ்லைடு போட்டு, சுவர் சுவராக எழுதி வைத்திருந்தார்கள். இவருடைய மூட்டைகள் குடோனை விட்டு நகரவில்லை. தைப்பொங்கலுக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் மில்லை மூடிவிட்டு, இன்னொருத்தர் லாரிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான் என்றார். சுவருக்கும் ஸ்லைடுக்கும் அவரிடம் வழியில்லை. சாக்கில் அச்சடிக்க மட்டும்தான் முடியும்.

சாரதாமணி அவரிடமும் அதையே கேட்டாள். தீவனம் தீர்ந்த பிறகு சாக்கு என்ன ஆகும்?

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுதாவாகத் தொங்கும், வாசலில் கால் துடைக்கக் கிடக்கும், மழை வந்தால் கொங்காடை ஆகும் என்றார். சாக்கின் அடி மூலை ஒன்றை இன்னொரு அடி மூலைக்குள் தள்ளினால் தலைக்குக் குல்லாய் மாதிரி ஆகிவிடும்; மீதி முதுகில் தொங்கும். எங்கள் பக்கம் ஆடு மேய்ப்பவர்களுக்கும் களை எடுப்பவர்களுக்கும் மழைக்கு அதுதான் துணை. சாரதாமணி மூலையில் கிடந்த ஒரு சாக்கைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்த மனிதர், கூச்சத்தோடு கொங்காடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். அவள் சாக்பீஸ் எடுத்து, அவர் முதுகில் பெரிதாக 'செல்லாண்டியம்மன்' என்று எழுதினாள். கழற்றி வாங்கி மேஜையில் விரித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்து சாக்கின் நடுவில் இல்லை, பக்கவாட்டுத் தையலை ஒட்டிக் கிடந்தது. கொங்காடையில் சாக்கின் அடிப்பக்கம் தலைக்குப் போய்விடுவதால், வாய் மேலே இருக்கும்படி வைத்தால் அத்தனையும் தலைகீழ்.

"இப்படித்தானுங்ணா அடிக்கோணும்" என்றாள். "மூட்டையா இருக்கறப்பக் கடைக்காரர் மட்டுந்தான் பார்ப்பாருங்க. கொங்காடையாப் போனா சந்தையே பார்க்கும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷம் சாக்கில் மை இழுக்கிறேன், ஒரு நாளாவது தோன்றியதா? ஆனால் சின்னுசாமி முகம் வெளிறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி பேரைத் தலைகீழா நிறுத்தறதுங்களா அம்மிணி? அதுக்கு மில்லையே மூடிப்போடலாம்."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வந்த வாடிக்கையையும் விரட்டிவிட்டாயே என்று நான் கத்த வாயெடுத்தேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. முந்தானையால் சாக்பீஸ் எழுத்தைத் துடைத்தாள். தப்புதான், யோசிக்காமல் அம்மன் பேரை எழுதிவிட்டேன் என்றாள். பிறகு, அம்மன் பேர் நடுவில் நேராகவே இருக்கட்டும், ஓரத்தில் உங்கள் பேரைப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

உயிரோடிருக்கிற மனிதனின் பேரைக் கவிழ்த்து எழுதுவதற்கு எங்கள் ஊரில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அவர் படியிறங்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் சாக்கைப் பார்த்தார், வெளியே பார்த்தார், தன் மனைவி வசந்தாமணி சண்டைக்கு வருவாள் என்றார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நான் நாக்பூர் ரோட்டுல லாரியோட தலைகீழாக் கவுந்து, எந்திரிச்சு வந்தவனுங்க. என் பேரு கவுந்து நின்னா ஒண்ணும் ஆயிராது. போடுங்க."

அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

சாரதாமணி எழுத்தைத் தடித்தடியாக வரைந்தாள். சாக்கின் நார் முரடாக இருப்பதால் மெல்லிய கோடு நிற்காது. மழையில் கரையாத மை வேண்டும் என்று, அடித்த சாக்கை அண்டாவில் ஊறப்போட்டுப் பார்த்து, என்னை மறுபடி மறுபடி மை கலக்க வைத்தாள். எந்த மூலையை உள்ளே தள்ளினாலும் பேர் முதுகுக்கு வரவேண்டும் என்பதால் சாக்கின் இரண்டு பக்கத் தையலை ஒட்டியும் தலைகீழாக 'சின்னுசாமி தீவனம்'. நடுவில் அம்மன் பேர் நேராக.

மூட்டைகள் கடைகளுக்குப் போனதும் ஊரே சிரித்தது. சூரமங்கலத்து அச்சுக்காரன் குடித்துவிட்டு அடித்திருக்கிறான் என்று பேச்சு. குடிக்காமலே அந்தப் பேர் எனக்குக் கிடைத்தது. விலையைக் குறைத்துக் கொடுத்ததால் மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர்களும் மாட்டுக்காரர்களும் கொஞ்சம் வாங்கினார்கள். மறுபடி கேட்டு யாரும் வரவில்லை. புரட்டாசி காய்ந்தது. ஐப்பசியும் பாதி காய்ந்தது. சின்னுசாமி சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் வேலை கேட்டுவிட்டு வந்ததாகக் காதில் விழுந்தது. சாரதாமணி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பாள், போவாள். அவளைக் குத்திக்காட்ட எனக்கு நாக்கு வரவில்லை.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. சந்தை நாளன்று சின்னுசாமியே வந்து எங்களை மேச்சேரிக்குக் கூட்டிப்போனார்.

சந்தைக்குள் நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். செம்மறிகளுக்கு நடுவே எங்கே திரும்பினாலும் கொங்காடை. குனிந்து ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் முதுகில், விலை பேசுகிறவர் முதுகில், டீக்கடை ஓரத்தில் ஒதுங்கினவர் முதுகில், தையலுக்கு இரண்டு பக்கமும் நேராக, கரையாமல், 'சின்னுசாமி தீவனம்'. அம்மன் பேர் நெஞ்சுப் பக்கம் மடிப்பில் அடங்கியிருந்தது. எந்தக் கம்பெனிக்காரன் சுவரும் இப்படி எழுந்து நடந்ததில்லை. என் பெண்டாட்டி செய்த வேலை இது என்று அங்கிருந்த அத்தனை பேரையும் பிடித்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதல் எழுத்து தோள் மடிப்பில் இடிக்கிறது, அடுத்த தடவை கொஞ்சம் இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னுசாமி எங்களோடு இல்லை. தேடினேன். ஒரு கொங்காடைக்காரருக்குப் பின்னாலேயே, முந்தாமல், ஆடுகளுக்கிடையே போய்க்கொண்டிருந்தார். அந்த ஆளை வழியில் ஒரு பெரியவர் நிறுத்தினார். எங்கே பார்த்தாலும் இந்தப் பேராக இருக்கிறதே, யார் இந்தச் சின்னுசாமி, மில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கொங்காடைக்காரருக்குத் தெரியவில்லை. சாக்கு வீட்டில் கிடந்தது, எடுத்துப் போட்டு வந்தேன் என்றார்.

சின்னுசாமி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார்.

"நாந்தானுங்க."