பாதிக் கஞ்சி

பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு குடும்பம் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும். பதினேழாம் நோன்பு சேக் மைதீன் ராவுத்தர் வீட்டு நாள். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே அப்படித்தான். மண்ணச்சநல்லூர் அரிசி, ஆட்டுக்கறி, கை கூசாமல் நெய். தூக்குவாளியோடு வந்தவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று அந்த வீடு கேட்டதில்லை. பெரிய கடைவீதியில் இருந்த அவர்கள் ஜவுளிக்கடையைப் போன வருடம் மூடிவிட்டார்கள். ஒரு வருடம் விட்டால் நாள் அடுத்தவருக்குப் போய்விடும் என்று பாங்கு சொல்லும் மோதினார் வீட்டுக்கே வந்து சொல்லிப் போனார். "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிச் சேக் மைதீன் அவரை அனுப்பிவைத்தார்.

"நிஜாமுதீன் பாதி போடறேங்கிறாரு அத்தா," என்றாள் மகள் சம்ரீன். "மீதி நம்ம. நாளும் கையை விட்டுப் போகாது."

நிஜாமுதீன் அவர் கடையில் ஜவுளிக்கட்டு தூக்கியவன். துபாய் போய் வந்து இப்போது தில்லைநகரில் கடை வைத்திருக்கிறான்.

"பாதிக் கஞ்சி ஊத்துற வீடில்ல இது."

சம்ரீன் கோவாவில் கடல் ஆராய்ச்சி செய்கிறாள்; நோன்புக்காக ஊருக்கு வந்திருந்தாள். போன வருடம் வடதுருவத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தவள். "கண்ணுக்குத் தெரியாத பாசிக்காகப் பனியில போய் நிப்பா. மாப்பிள்ளை பாக்கலாம்னா மட்டும் நேரமில்லை," என்று அவள் அம்மா ஷரபுன்னிசா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சம்ரீன் செல்போனை நீட்டினாள். கறுப்பு இருட்டில் சிவப்பாக ஓர் உருண்டை. அதன் வயிற்றில் பச்சைப் புள்ளிகள் மினுங்கின.

"இதுதான் அந்தப் பாசி. சிவப்பா தெரியறது அதோட பச்சையம், இந்த மைக்ராஸ்கோப்பு வெளிச்சத்துல அப்படித்தான் மின்னும். செடி மாதிரி வெயில்ல தானே சாப்பாடு செஞ்சுக்கும். ஆனா அங்க மாசக்கணக்கா சூரியனே வராது. அப்ப பாக்டீரியாவப் புடிச்சுத் தின்னும். நிஜமாவே திங்குதான்னு பாக்க, பாக்டீரியா அளவுல பச்சையா மின்னுற மணியத் தண்ணியில கலந்து விட்டோம். முழுங்கியிருக்கு, பாருங்க."

"செடியா இருந்துக்கிட்டு அடுத்த உசுரத் திங்குதா?"

"ரெண்டும் செய்யும் அத்தா."

"ரெண்டுங்கெட்டான்னு சொல்லு. வெயில் இல்லேன்னா, வர்ற வரைக்கும் பட்டினி கிடக்கிறதுதான் மானம்."

"அப்படிக் கிடக்கறதும் உண்டு. சிலது தாக்குப்பிடிக்கும். நெறைய செத்து அடியில போயிடும்."

"போகட்டும்."

ஷரபுன்னிசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க அத்தாகிட்டப் பாசிக் கதை எதுக்குடி? அவரு பாறை," என்றாள். சேக் மைதீனுக்கு அது ஏச்சாகப் படவில்லை.

பதினேழாம் நோன்பு வந்தது. பள்ளிவாசல் வாசலில் கஞ்சித் தேக்சா கொதிக்கும் வாசனை அடித்தது. கமிட்டி பொதுப் பணத்தில் காய்ச்சுகிறது என்று நினைத்து, அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய் வரிசையில் உட்கார்ந்தார். அடுத்த வரிசையில் நிஜாமுதீன் இருந்தான். நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மோதினார் மைக்கைப் பிடித்தார்.

"இன்னைக்குக் கஞ்சி, சேக் மைதீன் ராவுத்தர் குடும்பமும் நிஜாமுதீன் குடும்பமும் சேர்ந்து கொடுத்தது. ரெண்டு குடும்பத்துக்கும் எல்லாரும் துஆ செய்யுங்க."

சேக் மைதீன் எழுந்து நின்றார்.

"இந்தக் கஞ்சியில என் வீட்டு அரிசி ஒரு மணி இல்ல. என் பேர எடுத்துடுங்க."

நிஜாமுதீன் பதறிப்போய் எழுந்து வந்தான். "முதலாளி, உக்காருங்க. பாதி உங்க மக கொடுத்தது. அதோட சொந்தச் சம்பாத்தியம். உங்க பேரு முன்னால வரணும்னு நான்தான் சொன்னேன்."

இன்னும் முதலாளி என்றுதான் கூப்பிட்டான். அதுதான் சுட்டது. மகள் கொடுத்தாள் என்ற சொல் காதில் விழாமலில்லை. எழுந்த மனிதன் உட்கார்ந்தால், பிச்சைக் கஞ்சியைத் தன் கஞ்சி என்று ஒப்புக்கொண்டதாகத்தானே ஊர் பேசும்?

"அவ கொடுத்திருந்தா அவ பேரச் சொல்லுங்க. என் பேரு வேணாம்."

"பொம்பளைப் புள்ள பேர மைக்குல எப்படிங்க..." என்று மோதினார் தயங்கினார். நேரம் நெருங்கிவிட்டது. "இன்னைக்குக் கஞ்சி நிஜாமுதீன் குடும்பம்," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

சேக் மைதீன் பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்தார். முன்னால் வைத்த கஞ்சிக் கோப்பை தொடாமல் இருந்தது. மக்ரிப் தொழுதுவிட்டுத் தலை நிமிர்ந்தே வீட்டுக்கு நடந்தார். வழியில் யாரும் சலாம் சொல்லி நிறுத்தவில்லை.

வீட்டில் தாயும் மகளும் அந்தக் கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்டக் கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

"கேட்டேன் அத்தா. வேணாம்னீங்க," என்றாள் சம்ரீன். அவள் குரல் ஏறவில்லை. "நீங்க பேசுனது மைக்குல தெரு முழுக்கக் கேட்டுச்சு. நான் கொடுத்தது கஞ்சியே இல்லேன்னு ஆயிடுச்சு."

"குடும்பப் பேரு அடுத்தவன் பேரோட ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது."

"இப்ப ஒட்டலை. பேரே இல்ல." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "வர்ற ரமலானுக்கு நான் தென்துருவத்துக் கப்பல்ல இருப்பேன். வேணாம்னு சொல்லி வச்சிருந்தேன். சரின்னு சொல்லிடறேன்."

அவர் போகாதே என்று சொல்லியிருக்கலாம். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஷரபுன்னிசா கடைசி வாய்க் கஞ்சியை விழுங்கினாள். "அடுத்த வருஷம் பதினேழாம் நோன்பு யாருது?"

"நிஜாமுதீனுது," என்றார் சேக் மைதீன்.

"அப்ப கஞ்சி வாங்க வாளிய நானே எடுத்துட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு, அவருக்கு வேண்டுமா என்று கேட்காமலே, கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.