முதல் குழியில் எந்தக் கால்

எங்கள் ஊர் செங்குத்துப் பாறையின் குடைவுக்குள் இருக்கிறது. கீழிருந்து வர ஒரே வழி, பாறையில் கொத்திய கால்குழிகள். முதல் குழியில் சரியான காலை வைத்தால் நேரே மேலே வந்துவிடலாம். மாற்றி வைத்தால், பாறை வளைகிற இடத்தில் எட்ட வேண்டிய கால் பின்னால் மாட்டிக்கொள்ளும். கீழே இருக்கும் குழியும் கண்ணுக்குத் தெரியாது; கை ஓய்ந்ததும் விழ வேண்டியதுதான்.

காலங்காலமாக எங்களுக்கு வலது கால்தான் முதல். ஆனால் போன அறுவடையில் மேற்கு மேட்டுக்காரர்கள் தடுமாறாமல் ஏறி வந்து சோளத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே மருமகனாகப் போன எங்கள் பையன்களில் எவனோ உளறிவிட்டான் என்று என் தாய்மாமன் ஹொனாவ் முடிவு கட்டினார். மாமா சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

கோடை முழுக்க என் புருஷன் நுவாம்சா கயிற்றில் தொங்கி, பழைய குழிகளை அடைத்துப் புதியவற்றைக் கொத்தினான். இனிமேல் இடது கால் முதல். பாவம், எனக்கு வாக்கப்பட்டு வந்தவன். வீடு என்னுடையது, நான் அவன் செருப்பை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்தால் உறவு முடிந்தது. அந்த பயத்தில்தான் இவ்வளவு ஒழுங்காகக் கொத்துகிறான் என்று பெண்கள் சிரித்தார்கள்.

மாமா சந்தேகப்பட்டவர்களில் முதல் ஆள், மேற்கு மேட்டுக்கு மருமகனாகப் போன என் தம்பி கேலே. அதற்காக அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு நண்பகலில் அவன் தனியாக வந்தான். விளிம்பிலிருந்து பார்த்தேன். பழக்கதோஷம், வலது காலைத் தூக்கி வைத்தான். கத்த வாயெடுத்தேன்.

"வாயத் தொறக்காத," என்றார் பக்கத்தில் நின்ற மாமா. "கீழ புதர்ல எவன் இருக்கான்னு தெரியுமா உனக்கு?"

"அவன் என் தம்பி மாமா!"

"எனக்கு மட்டும் யாரு? என் கூடப்பொறந்தவ மகன்தான. சோறு இல்லாம போன குளிர்ல எத்தன புள்ளைங்க போச்சு? அத நெனச்சுப் பாரு."

வளைவில் கேலே நின்றுவிட்டான். முதலில் சிரித்தான். "அக்கா! அடுத்த குழிய எவன்டா திருடினது?"

மாமா என் கையை எட்டிப் பிடித்தார்.

"அக்கா, வெளையாடாதீங்க. அவ என் செருப்ப வெளிய வச்சிட்டா. போக்கிடம் இல்லாமத்தான் வந்தேன். கை வலிக்குது."

மாமாவுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் என் கையை இறுகப் பிடித்திருந்தார். கேலேயின் விரல்கள் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

"நாலு குழி எறங்குடா!" என்று கத்தினேன். "அங்க ரெண்டு பாதமும் கொள்ளும், கால மாத்திக்க! இப்பல்லாம் இடது காலுதான் முதல்ல!"

என் குரல் எதிர்ப்பாறையில் பட்டு இன்னொரு முறை கேட்டது. கேலே இறங்கி, காலை மாற்றி, ஏறி வந்து என் மடியில் விழுந்தான். அவனை அடித்தேன், அழுதேன், நீர் கொடுத்தேன்.

"அங்க பாரு," என்றான் நுவாம்சா மெதுவாக.

கீழே புதர்களுக்குள்ளிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவன் பாறையடிக்கு வந்து, முதல் குழியில் இடது காலை வைத்துப் பார்த்தான். பிறகு இருவரும் மேற்கே நடந்தார்கள். அவர்களுக்கு அவசரமே இல்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மறுபடி கொத்த ஒரு கோட காலம் வேணும்," என்றார். "அவனுங்க அதுவரைக்கும் பொறுக்க மாட்டானுங்க. சோளத்தக் கட்டுங்க, தெக்க போவோம்."

ஊரை விட்டுப் போகும்போது அந்தந்த வீட்டுக்காரிதான் தன் வாசலைக் கல் வைத்து அடைக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் அடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கேலே கல் எடுத்துக் கொடுத்தான். பாதி வாசல் மூடியதும் கேட்டேன்.

"பின்னால அவனுங்க வந்தது உனக்குத் தெரியுமாடா?"

"எது அக்கா?" என்றான், மண்ணைப் பிசைந்துகொண்டே.

அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினேன்.