ஜெஸீமாவின் கடவுச்சீட்டில் இருந்த முகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. கண்டிக்குப் பக்கத்திலுள்ள கலகெதரையில், வலீமா என்னும் கலியாண விருந்தொன்றில் கிடைத்தது. சஹன் என்னும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கைவைத்துச் சாப்பிடும் எங்கள் வழக்கத்தில் ஒரு வசதி உண்டு. இறைச்சி தீரும்வரை ஒருவரும் எழுந்து போகமாட்டார். கதை சொல்பவருக்கு இதைவிட நல்ல சபை கிடையாது. எனக்குக் கதை முழுதாகக் கிடைத்தது. முடிவு மட்டும் ஐந்தாகக் கிடைத்தது, ஏனென்றால் என்னைத் தவிர அங்கே ஐந்து பேர்.

நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்து பென்சன் எடுத்தவன். உத்தியோக காலம் முழுக்க நான் எழுதியதெல்லாம் மூன்று பிரதிகளில், முத்திரை குத்திய உண்மைகள். அந்த அலுப்பு இருக்கிறதே! இப்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். அதைப் பொய் என்று எடுக்கவேண்டாம். அதுவும் என் பென்சனில் சேர்ந்த படிதான்.

2

முதலாவது தொடக்கம்: “1935ஆம் ஆண்டின் மழையில் கண்டி நகரம் ஒரு விதவையைப் போல—”

நிறுத்திவிட்டேன். கண்டி நகரம் எந்தப் பெண்ணைப் போலவும் இருந்ததில்லை. மழை பெய்தால் சேறாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது: “ஜெஸீமா சன்னலோரம் கண்ணீருடன் நின்று, கணவன் போன திசையைப்—”

இதை லாபிர் நானாவிடம் வாசித்துக் காட்டினேன். சஹனில் எனக்கு வலப்பக்கம் இருந்தவர் அவர். ஜெஸீமா இவருக்கு ஏதோ ஒரு வழியில் பெரியம்மா முறை.

“எனத்தியன் இது? அவ அழுற ஆளா? மத்தவங்கள அழவெக்கிற ஆள்!” என்றார்.

மூன்றாவது: “ஜெஸீமாவுக்குச் சிங்கப்பூர் போகவேண்டியிருந்தது.”

இது போதும். கொஞ்சம் கச்சேரி வாசனை அடிக்கிறது, பரவாயில்லை.

கலியாணம் முடிந்த சூட்டோடு மர்சூக் சிங்கப்பூருக்குக் கப்பலேறினான். அங்கே இரத்தினக்கல் கடையொன்றில் வேலை. அவன் மனைவி ஜெஸீமா, கலகெதரையில் மாமி ஹபீலாவோடும் மர்சூக்கின் தம்பி ஹுஸைனோடும் இருந்தாள். இரண்டு வருடம் கழித்து மர்சூக்கிடமிருந்து செய்தி வந்தது. அறை பார்த்துவிட்டேன், நோன்புக்கு முன் வந்து சேர் என்று. அவன் சொல்லாமல் விட்ட மீதியைக் கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். கடை முதலாளிக்கு ஒரு மகள் இருக்கிறாள். நோன்புக்குள் பெண்டாட்டி வந்து சேராவிட்டால் மர்சூக்கைத் தன் வீட்டு மாப்பிள்ளையாக்கிக்கொள்வதாக முதலாளி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். மர்சூக் மறுத்ததாகவும் தகவல் இல்லை.

கேட்ட ஜெஸீமா அழவில்லை. (லாபிர் நானாவுக்காக இதைக் கோடிட்டிருக்கிறேன்.) “எனக்குக் கப்பல் வேணும்” என்றாள்.

3

கப்பலுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, கணவனின் சம்மதம், பெரிய மனிதர் ஒருவரின் அத்தாட்சி, படம் இரண்டு வேண்டும். இவற்றோடு ஒரு விண்ணப்பப் படிவம். அதை விரித்தால் கண்டி வாவியை மூடலாம்.*

* மூட முடியாது. வாவியின் கிழக்கு மூலையை மட்டும்.

படிவத்தை நிரப்ப ஹுஸைன் கண்டிக்குப் போனான். அங்கே சட்ட வேலை பார்க்கும் பிரக்கிராசி சண்முகநாதன் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், அத்தாட்சி கொடுக்க அதிகாரமுள்ள சமாதான நீதவானும்கூட. அந்தக் காலத்துப் படிவத்தில் ஆளின் அங்க அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவர் வாசிக்க, ஹுஸைன் பதில் சொல்லவேண்டும்.

“நெற்றி?”

ஹுஸைன் யோசித்தான். அண்ணன் மனைவியின் நெற்றியை அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் இவன் சுவரைப் பார்ப்பான். சுவரைப் பற்றிக் கேட்டிருந்தால் சுண்ணாம்பு வெடிப்புவரை சொல்லியிருப்பான்.

“ஈக்கி, சேர்.”

“இருக்கெண்டு எனக்கும் தெரியும், தம்பி. எப்பிடியான நெற்றி?”

“நல்ல மாதிரி ஈக்கும்.”

“சரி. மூக்கு?”

“அதும் ஈக்கி.”

“வாய்?”

“அது நிச்சயமா ஈக்கி, சேர். சத்தம் கேட்டீக்கி.”

பிரக்கிராசி பேனையைக் கீழே வைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எல்லாக் கட்டங்களிலும் ‘சாதாரணம்’ என்று எழுதினார். “படத்தைக் கொண்டு வாரும். படம் சரியெண்டால் எல்லாம் சரி” என்றார்.

4

(கிழித்துவிட்டேன். இதில் ஒரு யானை வந்தது. கண்டியில் நடக்கும் கதையென்றால் யானை வரவேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன். கடவுச்சீட்டுக்கும் யானைக்கும் ஒரு சம்பந்தமுமில்லை.)

5

படம் என்றதும் ஹபீலா மாமி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“படம் ஆருட கைக்குப் போற?”

“கொழும்புப் பாஸ்போட் கந்தோருக்கு, உம்மா. பொறகு கப்பல்காரன்ட கைக்கு. பொறகு சிங்கப்பூர்ப் பொலிசுக்கு” என்றான் ஹுஸைன்.

“அப்ப ஒலகம் முழுக்க ஆம்புளயள் இந்தப் புள்ளட மொகத்தப் பாக்கோணும்?”

“பாக்காம பாஸ்போட் தரமாட்டானுகள்.”

ஹபீலா யோசித்தார். இங்கே அவசரப்படவேண்டாம், அவருடைய யோசனையைக் கவனமாகக் கேளுங்கள். நான் எத்தனையோ சட்டத்தரணிகளின் வாதம் கேட்டவன், இதில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் முழுதும் பிடித்தது.

“ஒனக்கும் மர்சூக்குக்கும் நிக்காஹ் நடந்த நேரம் நீ சபைக்கு வந்தியா?” என்று மருமகளைக் கேட்டார்.

“இல்ல, மாமி. வாப்பாதானே எனக்குப் பொறுப்பா, வலியா ஈந்து சொன்னார்.”

“ஒனக்காக அவர் சொன்னார், நிக்காஹ் செல்லிச்சி. அவ்வளவு பெரிய காரியத்துக்கே வீட்டுப் பெரியவர் ஒருத்தர் முன்னுக்கு நிண்டா போதும். ஒரு துண்டுப் படத்துக்குப் போதாதா? நான் ஒக்கார்றன். என்ட மொகத்த இனி ஆரு பாத்து எனத்துக்கு?”

ஹுஸைன் தலையாட்டினான். மார்க்கம் அப்படி, வீடு அப்படி, அரசாங்கம் மட்டும் வேறு மாதிரி இருக்குமா என்ன?

ஜெஸீமா எதிர்த்தாளா? இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். கெட்டிக்காரி. ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் கப்பல் அவசரம், மாமி வழிவிட்டதே பெரிய காரியம். ஆகவே அவள் சிரித்தாள் என்று எழுதுகிறேன். சிரித்துவிட்டுச் சொன்னாள்:

“கொஞ்சம் வடிவா ஒக்காருங்க மாமி. என்ட பேர்ல போற படம்.”

கண்டியில் படம் பிடித்தவர் பொன்னையா. தெல்தெனியப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, துரை ஒருவருக்குக் கமெரா தூக்கித் தொழில் பழகியவர். முக்காட்டை நெற்றிவரை தளர்த்தி ஹபீலா கதிரையில் உட்கார்ந்ததும், “அம்மா, தாடைய கொஞ்சம் தூக்குங்க. மூச்ச புடிச்சுக்கங்க. மொறைக்காதீங்க” என்றார்.

“மொறைக்கல்ல. என்ட மொகமே அப்பிடி.”

6

படத்தின் பின்பக்கத்தில், இது இன்னாரின் உண்மையான சாயல் என்று சமாதான நீதவான் எழுதி ஒப்பமிடவேண்டும். ஹுஸைன் உறையை நீட்டினான். சண்முகநாதன் உறைக்குள்ளிருந்து படத்தை எடுத்தார், எடுத்த வேகத்திலேயே கவிழ்த்து மேசையில் வைத்தார்.

“முக்காடு போடுற வீட்டுப் பொம்பிளையின்ரை படம். அதை நான் உத்துப் பாக்கிறது வடிவில்லை, தம்பி. ஆள் ஆர்?”

“எங்கட வீட்டு ஆள்தான், சேர்.”

“ஓம், அது காணும்.”

‘இது ஜெஸீமாவின் உண்மையான சாயல்’ என்று எழுதி, நீளமாக ஒப்பமிட்டார்.

இதில் எங்கே குற்றம்? ஹபீலா மருமகளின் மானத்தைக் காத்தார். ஹுஸைன் பொய் சொல்லவில்லை. பிரக்கிராசி மரியாதையாக நடந்துகொண்டார். இத்தனை நல்ல குணங்கள் ஒரே இடத்தில் கூடினால் ஆபத்து வராமல் என்ன செய்யும்?

(நானும் ஜெஸீமாவைக் கண்டதில்லை. ஆனாலும், இவள்தான் அவள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிட்டுக்கொண்டிருக்கிறேன். பிரக்கிராசியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் சிரிக்கிறேன்.)

7

கொழும்பில் எவரோ ஒருவர் அந்தப் படத்தைப் பசை தடவி ஒட்டியிருக்கிறார். ‘வயது இருபத்திரண்டு’ என்று ஒரு பக்கம், அறுபதைத் தொட்ட முகம் மறுபக்கம். அவர் என்ன நினைத்திருப்பார்? அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் மலேரியா. மலேரியா, மாமியார், மலைநாட்டு மழை மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று இரக்கப்பட்டிருப்பார்.

கடவுச்சீட்டு வந்ததும் ஹுஸைன் அதைப் பிரக்கிராசியிடம் சந்தோஷமாகக் காட்டினான். அட்டையைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இம்முறை நன்றாகவே உற்றுப் பார்த்தார்.

“தம்பி, இது இருவத்திரண்டு வயசுப் பிள்ளையோ?”

“இல்ல சேர், இது உம்மா.”

“உம்மாவோ!”

“வேற படம் தரவா?”

“தந்தால் ஆர் ஒப்பமிடுறது? இரண்டாம் படத்திலை கை வைச்சா, முதல் வைச்ச ஒப்பம் பொய்யெண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. என்ரை நீதவான் பதவி போகும். உம்மடை மச்சிக்குப் பாஸ்போட் இனி ஒருகாலும் வராது. கள்ளப் படம் குடுத்த ஆளெண்டு எழுதி வைச்சிடுவாங்கள்.”

ஆக, அரசாங்கத்தின் கண்ணில் ஜெஸீமாவுக்கு இனி ஒரே ஒரு முகம்தான். அது அவள் மாமியுடையது.

நோன்புக்கு முன் கொழும்பைத் தொடுகிற கப்பல் ஒன்றே ஒன்று இருந்தது.

8

ஹுஸைன் வந்து வீட்டில் செய்தியைச் சொன்னான். அப்போது ஹபீலா மெதுவாகச் சொன்னார்:

“அப்ப நான் போறன்.”

“எங்க?” என்றாள் ஜெஸீமா.

“சிங்கப்பூருக்கு. படம் என்ட தானே? போய்த்து அவன்ட காதப் புடிச்சி இழுத்துக்கொண்டு வாறன்.”

“இழுத்தா வருவாரா, மாமி? நான் அங்க ஈந்தாத்தான் அந்த மொதலாளி வாய மூடுவான்.”

“நீ எப்பிடிப் போற? ஒன்ட மொகத்தக் காட்டினா கப்பல் ஜெட்டியிலயே புடிப்பான்.”

“ஒங்கட வயசக் காட்டினாலும் புடிப்பான். பேரு என்ட, மொகம் ஒங்கட. பாதிப் பாஸ்போட்டுல ஆரு மாமி முழுசாப் போற?”

ஹபீலா கடவுச்சீட்டை எடுத்துத் தன் படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒனக்கு அவன் மாப்புள. எனக்கு வயித்துல ஈந்தவன். மௌத்தாகி மண்ணுக்குப் போறதுக்குள்ள ஒருக்கா பாக்கோணும் எண்டு நான் ஆருட்டயாவது கேட்டீக்கிறனா? இப்ப கேக்கிறன்.”

இந்த வசனம் என் திட்டத்தில் இல்லை. ஹபீலாவைச் சிரிப்புக்காகத்தான் கதிரையில் உட்கார வைத்தேன். வேறு பேச்சு எழுதிப் பார்த்தேன்: “மாமியார் கோபத்துடன்—” சரிவரவில்லை. எழுதியது எழுதியபடி இருக்கட்டும்.

ஜெஸீமா மாமிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். ஆனால் கப்பலை விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் கொழும்புக்குப் போவது, மற்றதை அங்கே பார்ப்பது என்று முடிவானது. கண்டியிலிருந்து ரயில் ஏறினார்கள். இரண்டு பேருக்கும் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி, இரண்டு பை, ஒரு கடவுச்சீட்டு. கூட்டிப் போய்ச் சேர்ப்பதற்கு ஹுஸைன்.

9

கப்பலேறும் ஜெட்டியில் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினார். துப்பட்டிக்குள் இருக்கும் பெண்ணைப் பெண்தான் பார்க்கவேண்டும் என்பதற்காக அங்கே திரை போட்ட ஓர் அறையும் ஒரு பறங்கி அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, “ரெண்டு பேரும் உள்ள வாங்க” என்றார். திரை விழுந்தது.

இதுவரை சஹனைச் சுற்றியிருந்த ஐவருக்கும் ஒரே கதை. இனிமேல்தான் தகராறு.

லாபிர் நானாவின் கணக்கில், பறங்கி அம்மாவுக்கும் ஒரு மாமியார் இருந்தார், ஆகவே ஜெஸீமா போனாள். பளீல் ஹாஜியாரின் கணக்கில், ஹபீலா போய் மகனைக் காதைப் பிடித்துக் கூட்டி வந்தார், அவன் சாகும்வரை அந்தக் காது சற்று நீளம். மூன்றாமவர், ஒருவரும் போகவில்லை, கப்பல் போய்விட்டது என்றார். நான்காமவர் இரண்டு பேரும் ஒரே துப்பட்டிக்குள் போனார்கள் என்றார். (என்னையே மிஞ்சுகிற ஆள். முகவரி வாங்கி வைத்திருக்கிறேன்.) ஐந்தாமவர் வாயில் எலும்பு இருந்தது. “எல்லாரும் பொய்” என்று மட்டும் சொன்னார்.

ஐந்தையும் எழுதிப் பார்த்தேன். லாபிர் நானாவின் முடிவை எழுதினால் ஹபீலா கொழும்பு ரயில் நிலையத்தில் தனியே உட்கார்ந்திருக்கிறார். ஹாஜியாரின் முடிவை எழுதினால் ஜெஸீமா நோன்பு முழுக்கக் கலகெதரையில் கப்பலின் செய்திக்குக் காத்திருக்கிறாள். கூட்டிச் சொல்வதில் எனக்கு இருக்கும் திறமை ஒருத்தியைக் கழிப்பதில் இல்லை.

10

அந்த அறைக்குள் எந்த ஆணும் போகவில்லை. ஹுஸைன் வெளியே நின்றான். ஐவரும் ஆண்கள். நானும் ஆண். ஆகவே கதையை எழுத எனக்குள்ள தகுதி இந்தத் திரையோடு முடிகிறது.

ஆண் வாசகர்களே, வாருங்கள், ஹுஸைனோடு நிற்போம். வெயில் கடுமை. கப்பல் ஒருமுறை ஊதிவிட்டது.

பெண் வாசகர்கள் உள்ளே போகலாம். பறங்கி அம்மா எழுந்து உங்களுக்குக் கதிரையை விட்டுக்கொடுப்பார். கடவுச்சீட்டு மேசைமேல் விரிந்து கிடக்கிறது. இரண்டு பேரும் துப்பட்டியை விலக்கி உங்களைப் பார்க்கிறார்கள். திரைக்கு வெளியே ஹுஸைன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. ஐவரும் மறுக்காததும் அது ஒன்றுதான். ஹபீலாவின் குரல்:

“கப்பல்ல வாந்தி வரும். இஞ்சி கொண்டந்தீக்கிறன். ஆருட பையில வெக்கிற?”



பைகள் இரண்டும் உங்கள் காலடியில் இருக்கின்றன, ஒன்றுதான் கப்பலேறும். ஹபீலாவின் கையிலிருந்து அந்த இஞ்சியை வாங்குங்கள், ஒன்றில் வையுங்கள்.