உச்சிக்குச் சற்றுக் கீழே

பனிக்குள் இடது கால் முழங்கால் வரை இறங்கியபோது அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து இப்படி எத்தனையோ தடவை புதைந்து எழுந்தாயிற்று. ஆனால் இந்தத் தடவை அடியில் சளக்கென்றது. பனிக்குக் கீழே ஓர் ஓடை சத்தம் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காலை உருவி, பூட்ஸை உதறிவிட்டு, முன்னால் போகிறவளைப் பார்த்தாள். ஏணி திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஏணி அவளுடைய நாத்தனார். உயரத்தைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர். வேலை, லிஃப்ட் பழுதுபார்ப்பது. அண்ணனும் தங்கையுமாக வருஷா வருஷம் குளிர்காலத்தில் மலையேறுவார்கள். அதிலும் இந்த மலை மீது ஏணிக்கு ஒரு தனிப் பித்து. இதற்குப் பாதையே கிடையாது. கோடையில் புதர் மண்டி ஆள் நுழைய முடியாது. பனி கொட்டிப் புதரையெல்லாம் மூடினால்தான் அதன் மேல் நடந்து போகலாம். ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் திரும்பியிருந்தார்கள். இந்த வருஷம் அண்ணனுக்கு முட்டியில் ஆபரேஷன். “தனியா மட்டும் போகாதே” என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட, ஏணி முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். தையல் மிஷினில் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த அண்ணி, “நான் வரேனே” என்றாள். அண்ணனும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து லிஃப்ட் பக்கம் போகாமல் மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தாள்.

இருவருக்கும் சண்டை சச்சரவு என்று எதுவும் இருந்ததில்லை. ஒட்டுதலும் இருந்ததில்லை. “சாப்பிட்டீங்களா அண்ணி?” “ஆச்சு, நீ?” இதோடு பேச்சு முடிந்துவிடும். அண்ணனும் தங்கையும் மேஜை முழுக்க வரைபடத்தை விரித்துப் பேசும்போது, டீயை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி மிஷினுக்குப் போய்விடுவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை. அதனால்தான் நனைந்த காலைப் பற்றி இப்போது வாய் திறக்கவில்லை. முதல் தடவையாகக் கூட வந்துவிட்டு, காரியத்தைக் கெடுத்தவள் என்று பேர் வாங்க அவளுக்கு மனமில்லை. வானம் பளிச்சென்று இருந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. இப்படி ஒரு நாள் இனி எப்போது வாய்க்குமோ. கொஞ்ச நேரம் கால் விண்விண்ணென்று தெறித்தது. பிறகு வலி போய்விட்டது. நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும் ஏணி நின்றாள்.

“என்ன அண்ணி, பேச்சையே காணோம்?”

“மூச்சு வாங்குது.”

“மூச்சு வாங்கினாலும் காலையிலேர்ந்து பேசிட்டுதானே வந்தீங்க. அந்தச் செங்குத்துல ஏறும்போதுகூட எந்தத் துணி சாயம் போகும்னு சொல்லிட்டு வந்தீங்க.” சொல்லிக்கொண்டே கீழே பார்த்தவள், இடது பூட்ஸ் மீது படிந்திருந்த ஐஸைக் கண்டுவிட்டாள். “கால் நனைஞ்சுதா? எங்கே?”

“கீழே... அந்தப் பள்ளத்துல.”

“அங்கேர்ந்தா?”

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானாள் அண்ணி. ஏணியோ தோள்பையைப் பனியில் போட்டு அவளை அதன் மேல் உட்காரவைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்துப்போன பூட்ஸ் கயிற்றை வெறும் விரலால் அவிழ்த்து, பூட்ஸையும் காலுறையையும் உருவினாள். அண்ணியின் கால்விரல்கள் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. தன் கால்தானா என்று அண்ணிக்கே சந்தேகம் வந்தது. அதற்குள் ஏணி எதிரே உட்கார்ந்து, கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, அந்தக் காலைத் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அடியே, என்னடி பண்றே!”

“கத்தாதீங்க. கத்த வேண்டியது நான்.” பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஒருவர் மேல் தெரியாமல் கால் பட்டாலே கூசிப்போகிறவள் அண்ணி. காலை இழுக்கப் பார்த்தாள், ஏணி விடவில்லை. ஏணியின் தோளுக்கு மேலே உச்சி தெரிந்தது. கூப்பிடு தூரம். வெயிலில் உப்புக் குவியல் மாதிரி மின்னியது.

“நீ ஒரு ஓட்டம் போயிட்டு வந்துடு. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்.”

“விரலை அசைங்க அண்ணி.”

“இத்தனை வருஷமா ஆசைப்பட்டியே...”

“ஆசைதான். எங்கண்ணன்கிட்ட போய், உச்சியைப் பாத்துட்டேன், அண்ணியோட விரலை அங்கேயே விட்டுட்டேன்னு சொல்லவா? அசைங்க.”

உச்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உணர்வு திரும்பியபோது மிஷின் ஊசி விரலில் ஏறியதுபோல் இருந்தது, ஒவ்வொரு விரலிலும், விடாமல். அண்ணி அழுதாள். மலையைத் திட்டினாள், ஓடையைத் திட்டினாள், முட்டியைக் கெடுத்துக்கொண்ட கணவரையும் விட்டுவைக்கவில்லை.

“திட்டுங்க, நல்லா திட்டுங்க” என்று ஏணி சிரித்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. “வலிச்சா கால் பொழச்சுதுன்னு அர்த்தம்.”

தன் பையிலிருந்த உலர்ந்த காலுறையை மாட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிப் பூட்ஸுக்குள் விட்டாள். ஸ்வெட்டரை இறக்கும் முன் அண்ணி பார்த்தாள். வயிற்றில் ஒரு பாதம், ஐந்து விரலோடும், சிவப்பாகப் பதிந்திருந்தது.

இறங்கிக் காருக்கு வந்ததும் அண்ணனிடமிருந்து போன். ஏணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்ன, ஏறியாச்சா?”

“இல்லண்ணா. மேலே காத்து தாங்க முடியல, திரும்பிட்டோம்.”

“அவ எப்படி நடந்தா?”

“உன்னைவிட நல்லா.”

அண்ணி கை நீட்டிப் போனை வாங்கினாள். “காத்தெல்லாம் இல்லீங்க. நான்தான் காலை ஓடையில விட்டுட்டேன். இவ அதை எடுத்து...”

அவர் குறுக்கிட்டார். “ரெண்டு பேரும் முழுசா இருக்கீங்களா?”

“இருக்கோம்.”

“அது போதும். மெதுவா வாங்க.”

நாள் முழுக்க முன்னால் நடந்து பனியை மிதித்து வழி செய்தவள் ஏணி. “வண்டியை நான் ஓட்டறேன்” என்று அண்ணி அடம்பிடித்துச் சாவியை வாங்கிக்கொண்டாள். “நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடணும் அண்ணி” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஏணி தூங்கிப்போனாள். நெட்டைக் காலை மடக்க இடமில்லாமல், தலை மெல்லச் சரிந்து அண்ணியின் தோளில் வந்து நின்றது. தொப்பியில் ஒட்டியிருந்த பனி கரைந்து சட்டைக்குள் சொட்டியது. அண்ணி தோளை அசைக்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நீளமாகப் போய் முடிந்தது. கேட் எழும்ப, அதன் மேல் படிந்திருந்த பனி நழுவி மாலை வெயிலில் மாவுபோல் உதிர்ந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹார்னில் கையை வைத்தார். தோளில் இருந்த தலை அசையாமல் அண்ணி ஜன்னலை இறக்கி, வெளியே கையை நீட்டி, நீங்கள் முன்னால் போங்கள் என்று காட்டினாள்.